ஃபர் கோட்டைக் கழற்றியது யார்?

வோக் பத்திரிகையை நடத்தும் காண்டே நாஸ்ட் நிறுவனம், இனி தன் இதழ்களில் புதிய விலங்கு ஃபர் (ரோமத்தோடு பதனிட்ட தோல்) உடைகளைக் காட்டப்போவதில்லை, விளம்பரமாக வந்தாலும் ஏற்கப்போவதில்லை என்று 2025 அக்டோபரில் அறிவித்தது. அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தபின் இந்த முறை முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

பெரிய பெரிய ஃபேஷன் கம்பெனிகளுக்கெல்லாம் திடீரென்று இரக்கம் வந்துவிட்டதா? நம்ப முடியவில்லையே! (சேலம் வாசகி)

திடீரென்று வரவில்லை. கால்வின் கிளைன் 1994-லேயே ஃபரை விட்டுவிட்டது. ஸ்டெல்லா மெக்கார்ட்னி 2001-ல் சொந்த நிறுவனம் தொடங்கும்போதே ஃபரும் வேண்டாம், தோலும் வேண்டாம் என்றுதான் தொடங்கினார். ரால்ஃப் லாரன் 2006, அர்மானி 2016. ஆனால் அப்போதெல்லாம் இதை அவரவர் சொந்தக் கொள்கையாகத்தான் பார்த்தார்கள், தொழில் அசையவில்லை. இன்னும் சொன்னால் 1980-களில் எதிர்ப்பு பலமாகி, மேற்கு நாடுகளில் விற்பனை சரிந்து, ஃபர் ஒழிந்தது என்று பலரும் நினைத்த நேரத்தில் ரஷ்யாவிலும் சீனாவிலும் புதிதாகப் பணம் பார்த்தவர்கள் வாங்க ஆரம்பித்து, 2000-க்குப் பிறகு அது பழையபடி மேடையேறிவிட்டது.

திருப்பம் 2017 அக்டோபரில். கூச்சி நிறுவனத்தின் அன்றைய தலைமை நிர்வாகி மார்கோ பிஸாரி, அடுத்த ஆண்டுத் தொகுப்பிலிருந்து ஃபர் கிடையாது என்று லண்டனில் அறிவித்தார். அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள்: 2018-ல் வெர்சாச்சே, பர்பெரி, ஷனெல், 2019-ல் பிராடா, 2021-ல் கூச்சியின் தாய் நிறுவனமான கெரிங் தன் எல்லா பிராண்டுகளுக்கும் சேர்த்து. லண்டன் ஃபேஷன் வீக் 2018 செப்டம்பரில் ஃபர் இல்லாமலே நடந்தது.

இரக்கமா, கணக்கா என்று கேட்டால் இரண்டும் என்பேன். கடை வாசலில் பல ஆண்டுகள் நின்று கத்தியவர்களின் உழைப்பு இதில் இருக்கிறது. வாங்கும் இளைஞர்களின் மனசு மாறியதும் இருக்கிறது. இந்தக் கம்பெனிகளின் மொத்த விற்பனையில் ஃபர் சின்னப் பங்குதான், விட்டால் பெரிய நஷ்டம் இல்லை என்ற கணக்கும் இருக்கிறது. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. 2014 வாக்கில் உலகத்தில் ஆண்டுக்கு 10 கோடிக்கும் மேற்பட்ட விலங்குகளை ஃபருக்காகக் கொன்றார்கள், இன்று அதில் கால்பங்குகூட இல்லை. இந்தக் குறைவு எந்த நோக்கத்தில் வந்திருந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் “ஃபர் இல்லை” என்ற அறிவிப்பில் எதெல்லாம் அடங்கும் என்று பாருங்கள். கூச்சியின் புகழ்பெற்ற செருப்பு ஒன்றின் உள்ளே கங்காரு ரோமம் வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு ஆட்டுக்குட்டி ரோமத்தை வைத்தார்கள். ஆடு இறைச்சிக்காக வளர்க்கப்படுவது, அதனால் அதன் ரோமத்தோல் ஃபர் கணக்கில் வராது என்பது தொழிலில் ஒப்புக்கொண்ட வரையறை. பல பிராண்டுகள் இன்று அந்த வாசல் வழியாகத்தான் போய்வருகின்றன.

நாம் ஆடு, கோழி வெட்டிச் சாப்பிடுகிறோம். மிங்க் செத்தால் மட்டும் ஏன் இவ்வளவு அழுகை? (மதுரை வாசகர்)

நேர்மையான கேள்வி. மிங்க் எப்படி வாழ்கிற பிராணி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கீரியைப் போல நீண்ட ஒல்லி உடம்பு. காட்டில் தனியாகத் திரியும், ஆற்றோரத்தில் இருக்கும், தண்ணீருக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும். பண்ணையில் அதற்குக் கிடைப்பது சுமார் 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள ஒரு கம்பிவலைக் கூண்டு. அடியும் கம்பிவலைதான், கழிவு கீழே விழுந்துவிட வேண்டும் என்பதற்காக. நீந்தத் தண்ணீர் கிடையாது, குடிக்க மட்டும் ஒரு குழாய் முனை. அந்தக் கூண்டுக்குள் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் ஓடி, தலையைச் சுழற்றிச் சுழற்றி, சில சமயம் தன் வாலையே கடித்துக்கொள்கிற மிங்க்குகளைப் பற்றி விலங்கு நல ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஏப்ரல், மே மாதத்தில் குட்டிகள் பிறக்கும். குளிர்கால ரோமம் அடர்த்தியாக வந்து நிற்கிற நவம்பர், டிசம்பரில் கொல்லப்படும். மிங்க்கை வாயுப் பெட்டியில் போடுவார்கள். நரியாக இருந்தால் வாயிலும் ஆசனவாயிலும் மின்முனை வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள், ரோமத்தில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதற்காக. முழு நீள மிங்க் கோட் ஒன்றுக்கு 40 முதல் 60 உயிர்கள் வேண்டும்.

கோழிக்கு இதைவிட நல்ல வாழ்க்கையா என்று நீங்கள் கேட்கலாம். நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிக் கூண்டுகளைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. நான் பார்க்கிற வித்தியாசம் தேவையில் இருக்கிறது. கோட்டைவிட அதிகமாக ஃபர் போனது காலர் ஓரத்துக்கும், தொப்பி விளிம்புக்கும், சாவிக்கொத்தில் தொங்கும் குஞ்சத்துக்கும். ஒரு குஞ்சத்துக்காக ஓர் உயிரைப் பிறப்பிலிருந்து சாவு வரை கம்பிவலையில் நிற்க வைப்பதை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. இதில் ஆரம்பித்தால் கோழிக்கூண்டையும் கேட்க வேண்டிவரும் என்பது உண்மைதான். கேட்போம்.

கொரோனாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே? (ஈரோடு வாசகி)

உண்டு. என் கணிப்பில், விளம்பரங்களும் ஊர்வலங்களும் பல ஆண்டுகளில் செய்ததை அந்த ஒரு வருடம் செய்தது.

2020 ஏப்ரலில் நெதர்லாந்தின் மிங்க் பண்ணைகளில் கோவிட் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதரிடமிருந்து மிங்க்குக்கும், அங்கிருந்து திரும்ப மனிதருக்கும் கிருமி போனது. ஆயிரக்கணக்கில் நெருக்கி அடைத்து வைத்த இடத்தில் அது உருமாறவும் செய்தது. நெதர்லாந்தில் முந்தைய சட்டப்படி 2024-ல் மூட வேண்டிய பண்ணைகளை 2021 ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள்.

டென்மார்க் கதை இதைவிடப் பெரியது. அப்போது உலகிலேயே மிங்க் தோல் உற்பத்தியில் முன்னணியில் இருந்த நாடு அது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள். 2020 நவம்பர் 4 அன்று பிரதமர் மெட்டே ஃபிரெடரிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, நாட்டில் இருக்கும் எல்லா மிங்க்குகளையும் கொல்ல வேண்டும் என்றார். சுமார் 1.5 கோடி! நோயே வராத பண்ணைகளும் இதில் அடக்கம். சில நாட்களில் இன்னொரு உண்மை வெளிவந்தது, அப்படி உத்தரவிட அரசுக்குச் சட்ட அதிகாரமே இல்லை. வேளாண் அமைச்சர் மொகென்ஸ் யென்சன் பதவி விலகினார். அதற்குள் பெரும்பாலான மிங்க்குகள் கொல்லப்பட்டுவிட்டன.

அப்புறம் நடந்ததைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. ஹோல்ஸ்டெப்ரோ அருகே ராணுவ நிலத்தில் அவசர அவசரமாக நீளமான குழி வெட்டிப் புதைத்தார்கள். மணல் பாங்கான மண், ஆழமும் போதவில்லை. உடல்கள் அழுகி வாயு உண்டாகி, சில நாட்களில் செத்த மிங்க்குகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தன. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்ற பயத்தில் அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

அந்தப் பண்ணைக்காரர்களையும் நான் மறக்க விரும்பவில்லை. இரண்டு மூன்று தலைமுறையாக அதே தொழில் செய்த குடும்பங்கள், ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இன வரிசை ஒரே மாதத்தில் போயிற்று. பிரதமர் ஒரு பண்ணைக் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வந்து கேமரா முன்னால் கண்ணீர் விட்டார். சுமார் 1,900 கோடி குரோனர் இழப்பீட்டுக்கு ஒதுக்கினார்கள். 2023-லிருந்து மிங்க் வளர்க்க மறுபடி அனுமதி உண்டு, ஆனால் திரும்பி வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். உலகின் மிகப் பெரிய ஃபர் ஏல நிறுவனமாக இருந்த கோபன்ஹாகன் ஃபர், அந்த நவம்பரிலேயே படிப்படியாக மூடிவிடுவதாக அறிவித்துவிட்டது.

ஆம்பூரில் தோல் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இன்றைக்கு ஃபர், நாளைக்கு எங்கள் தோலையும் வேண்டாம் என்பார்களா? (பெயர் வேண்டாம், ஆம்பூர்)

உடனடியாக அந்த ஆபத்து தெரியவில்லை. முன்பே சொன்ன வரையறைதான் காரணம், மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இறைச்சித் தொழிலின் கூடவே வருபவை, அதனால் அவற்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். 2023 ஜனவரி 1 முதல் புது ஃபர் விற்பனையைத் தடை செய்த கலிஃபோர்னியா சட்டம்கூட மாடு, ஆடு, செம்மறித் தோல்களை விட்டுவிடுகிறது. ஷனெல் 2018-ல் ஃபரோடு சேர்த்து முதலை, பாம்பு, பல்லித் தோல்களையும் விட்டது, மாட்டுத் தோல் கைப்பை விற்பனையை நிறுத்தவில்லை.

ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். தோல் மீது கேள்விகள் வந்துகொண்டுதான் இருக்கும், அதுவும் விலங்கைவிடத் தண்ணீரைப் பற்றி அதிகமாக வரும். பாலாறு என்ன ஆனது என்பதை நான் ஆம்பூர்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிரான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு உங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மாற்றுப் பொருட்களும் வருகின்றன, கள்ளியிலிருந்து ஒன்று, அன்னாசி இலை நாரிலிருந்து ஒன்று. எல்லாமே ஜெயித்துவிடவில்லை. காளான் வேரிழையிலிருந்து செய்த மைலோ என்ற பொருளுக்குப் பெரிய பிராண்டுகள் ஆதரவு கொடுத்தும் 2023-ல் உற்பத்தி நின்றுபோனது. இன்னொரு பக்கம் பெரம்பலூரில் தோல் அல்லாத காலணித் தொழிற்சாலை வந்துவிட்டது. தைக்கத் தெரிந்த கைக்கு அங்கேயும் வேலை உண்டு. ஒரு தொழில் மாறும்போது டென்மார்க்கில் முதலாளிக்குக் கிடைத்த இழப்பீடு மாதிரி, கூலிக்கு வேலை செய்தவருக்கும் ஏதாவது கிடைக்குமா என்ற கேள்வியை உங்கள் சங்கம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

டொரோண்டோவில் இருக்கும் மகள் ஒரு ஜாக்கெட் அனுப்பியிருக்கிறாள், தலைமூடி ஓரத்தில் புசுபுசுவென்று முடி. நிஜமா, செயற்கையா? எப்படிக் கண்டுபிடிப்பது? நிஜமாக இருந்தால் என்ன செய்வது? (கோயம்புத்தூர் வாசகி)

லேபிளை மட்டும் நம்பாதீர்கள் அம்மா. நிஜ ஃபரைச் செயற்கை என்று எழுதி விற்ற கதை நிறைய உண்டு. 2013-ல் அமெரிக்காவின் நீமன் மார்கஸ் போன்ற பெரிய கடையே இந்தப் புகாரில் மாட்டி, அரசு ஆணையத்தோடு உடன்பாட்டுக்கு வர வேண்டியிருந்தது. பண்ணையில் வளர்க்கும் ராக்கூன் நாய் என்ற நரி வகை விலங்கின் ரோமம் நல்ல செயற்கை ஃபரைவிட மலிவாகக் கிடைத்ததுதான் காரணம் என்றால் அந்தப் பண்ணை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தில் வைத்து முடியை இரண்டு விரலால் வகிடு எடுப்பதுபோலப் பிரித்து அடியைப் பாருங்கள். பின்னிய துணி தெரிந்தால் செயற்கை. மெல்லிய தோல் தெரிந்தால் நிஜம். அப்புறம் முடியின் நுனி. நிஜ ரோமம் பூனை மீசை மாதிரி நுனியில் கூராகிக்கொண்டே போகும், அடியில் மென்மையான இன்னொரு குட்டை ரோமமும் இருக்கும். செயற்கை முடி பெரும்பாலும் வெட்டிவிட்டதுபோல மொட்டையாக முடியும். சந்தேகம் தீரவில்லையா, நாலைந்து முடியை மட்டும் பிடுங்கி, ஜாக்கெட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து விரலில் நொறுங்கினால் நிஜம். பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகி, ஆறியதும் கெட்டிக் குண்டாக நின்றால் செயற்கை.

கனடாவில் பல ஆண்டுகள் இந்த ஓரத்துக்குக் கயோட்டி என்ற ஓநாய் வகை விலங்கின் ரோமத்தை வைத்தார்கள். அதற்குப் பெயர்போன கனடா கூஸ் நிறுவனமே, 2022 முடிவோடு ஃபர் வைத்துத் தைப்பதை நிறுத்திவிடுவதாக 2021-ல் அறிவித்தது. ஜாக்கெட் நிஜ ஃபராக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கி எறிய வேண்டாம், அந்த ஓரம் பெரும்பாலும் ஜிப்பில் கழற்றக்கூடியதாக இருக்கும்.

செயற்கை ஃபர் என்றால் பிளாஸ்டிக்தானே? மண்ணில் மக்காத ஒன்றைக் கருணை என்று விற்பது சரியா? (ஃபேஷன் படிக்கும் மாணவி, தரமணி)

நீங்கள் சொல்வது சரி. இன்று கிடைப்பதில் பெரும்பங்கு அக்ரிலிக்கும் பாலியஸ்டரும், இரண்டும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. துவைத்தால் நுண் இழைகள் தண்ணீரில் போகும். ஃபர் தரப்பு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது, எங்களுடையது இயற்கை, மக்கிவிடும் என்று.

ஆனால் உடம்பிலிருந்து உரித்த தோல் அழுகாமல் இருக்க ரசாயனம் போட்டுப் பதனிட வேண்டும், அதற்கு முன் அந்த மிருகத்துக்கு மாதக்கணக்கில் மீன் கழிவும் இறைச்சிக் கழிவும் போட வேண்டும், பண்ணைக் கழிவில் வரும் அம்மோனியா வேறு. நெதர்லாந்தின் சிஇ டெல்ஃப்ட் நிறுவனம் 2011-லும் 2013-லும் கணக்கிட்டபோது மிங்க் ஃபரின் சுற்றுச்சூழல் சுமை செயற்கை ஃபரைவிடப் பல மடங்கு என்று வந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவை விலங்கு நல அமைப்புகள், அதையும் சொல்லிவிட வேண்டும். எது சுத்தம் என்பதைவிட எத்தனை வருடம் உடுத்துவோம் என்பதுதான் பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சீசன் போட்டுவிட்டுக் குப்பையில் போடுகிற 500 ரூபாய் செயற்கை ஃபருக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

உங்களைப் போன்றவர்கள் கையில் வேலை இருக்கிறது. எக்கோபெல் நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த கோபா என்ற ஃபரில் சோளத்திலிருந்து எடுத்த இழை ஒரு பகுதி கலந்திருக்கிறது. சணல் வகைச் செடிகள், காஞ்சொறி, ஆளிச்செடி இவற்றின் நாரிலிருந்து பிளாஸ்டிக்கே கலக்காமல் செய்த சாவியன் என்ற ஃபரில் தைத்த கோட்டை ஸ்டெல்லா மெக்கார்ட்னி 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில் வைத்தார். நார் நூற்பதும் நெய்வதும் தெரிந்த நம் ஊரில் ஒருவராவது இந்தப் பக்கம் போக மாட்டார்களா என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் பிரச்சினை. நமக்கென்ன? (தர்மபுரி வாசகர்)

ஷாதூஷ் சால்வை கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும் என்பார்கள், அவ்வளவு மெல்லிசு. திபெத் பீடபூமியில் திரியும் சிரு என்ற மானின் உள்ரோமம் அது. உயிரோடு பிடித்துக் கத்தரிக்க முடியாது, சுட்டுக் கொன்றுதான் எடுத்தார்கள், ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து மான்கள். நெய்தது நம் காஷ்மீரில், வாங்கியது டெல்லியிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும். சர்வதேச வணிகத் தடையும் காவலும் இறுகிய பிறகு சிரு மெல்ல மீண்டு, 2016-ல் அருகிவரும் இனம் என்ற நிலையிலிருந்து இரண்டு படி மேலே வந்தது. பஷ்மினா வேறு, லடாக் ஆட்டின் ரோமத்தை வசந்த காலத்தில் சீவி எடுப்பது. மிங்க், நரி, சின்சில்லா ஃபர் தோல்களின் இறக்குமதியை இந்தியா 2017 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டது.

பட்டுக்கூட்டுக்குப் பெயர்போன தர்மபுரி என்பதால் பட்டுத் துணியைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். கூட்டுக்குள் இருக்கும் புழுவை ஆவியிலோ சூட்டிலோ கொன்றுதான் நூல் எடுக்கிறோம், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். ஹைதராபாத்தைச் சேர்ந்த குசுமா ராஜய்யா, அந்துப்பூச்சி வெளியேறியபின் கூட்டை நூற்கும் அகிம்சைப் பட்டுக்குப் பெயர் பெற்றார். இழை அறுந்துவிடுவதால் பளபளப்பு குறையும், விலை கூடும். வெளியே வரும் பூச்சிக்கோ பறக்கவும் தெரியாது, சில நாளில் செத்துவிடும். மிங்க்கின் வேதனையையும் பட்டுப்புழுவின் வேதனையையும் ஒரே தராசில் வைக்க நான் துணிய மாட்டேன். ஆனால் வீட்டு விசேஷத்துக்குப் பருத்தி கட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லும் பெண்ணை யாரும் கேலி செய்யாதீர்கள்.

பனிப் பிரதேசத்து மக்கள் என்ன செய்வார்கள்? (நாகர்கோவில் வாசகர்)

அவர்களை யாரும் தடுக்கக்கூடாது. வடதுருவப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் சீல் என்ற கடல் விலங்கைச் சாப்பிட்டு, அதன் தோலை உடுத்தி வாழ்கிறவர்கள். 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் சீல் பொருட்களைத் தடை செய்தபோது அவர்களுக்கு விலக்கு கொடுத்தது. இருந்தும் சந்தையே விழுந்துபோய் அவர்கள் வருமானமும் அடிபட்டது. காண்டே நாஸ்ட் அறிவிப்பிலும் பூர்வகுடிகளுக்கு விலக்கு இருக்கிறது, அதை வரவேற்கிறேன்.

ஃபர் திரும்ப வந்துவிடுமா? ரீல்ஸில் நிறையப் பார்க்கிறேன். (புதுச்சேரி வாசகி)

நீங்கள் பார்ப்பது 2024-ல் கிளம்பிய அலை. பாட்டி காலத்துப் பழைய கோட்டுகளை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள், கூடவே செயற்கையும் செம்மறித் தோலும் சேர்ந்து எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது. பழைய கோட்டுக்காகப் புதிதாக எதுவும் சாகவில்லை என்பது உண்மை. ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு வீதியில் போகும்போது ஃபர் அழகு என்ற ஆசை மற்றவருக்கும் தொற்றுகிறது, அதனால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. விடாதவர்களும் இருக்கிறார்கள். 1925-ல் ரோமில் ஃபர், தோல் கடையாகவே தொடங்கிய ஃபெண்டியை நடத்தும் எல்விஎம்எச் குழுமம் இன்னும் முழுத் தடைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. பிரிட்டன் 2000-லேயே ஃபர் பண்ணைகளைச் சட்டம் போட்டு மூடியது, ஆனால் வெளிநாட்டு ஃபரை இறக்கி விற்பதை இன்னும் தடுக்கவில்லை.

ஃபேஷன் மாறும், திரும்பும். பண்ணை மூடினால் திரும்பத் திறப்பது கஷ்டம், அதனால் நான் சட்டத்தைத்தான் பார்க்கிறேன். நார்வே, இத்தாலி, அயர்லாந்து மூடிவிட்டன. ஐரோப்பாவில் மிச்சமிருந்ததில் ஃபர் உற்பத்தியில் பெரிய நாடு போலந்து. அங்கே 2025 டிசம்பரில் அதிபர் கையெழுத்திட்ட சட்டப்படி புதிய பண்ணை தொடங்க முடியாது, இருப்பவை 2033 முடிவுக்குள் மூட வேண்டும், சீக்கிரம் மூடுகிறவருக்கு இழப்பீடு அதிகம். எட்டு வருடம் அதிகம் என்று அங்கே சிலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு, ஆனால் தேதி போட்டாயிற்று.